வடக்கு வீதியின் கதை – 9: கோச் நின்ற வாடிவீடுகள்

1880 ஒக்டோபரில் கண்டியிலிருந்து மாத்தளைக்கு றெயில் வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். கோப்பி மூட்டைகளை நம்பித் திட்டமிட்ட பாதை அது. தண்டவாளம் மாத்தளையைத் தொட்டபோது கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் றெயில் வந்ததால் மாத்தளைக்குப் புதிதாக ஒரு தொழில் வாய்த்தது. தம்புள்ளை, அனுராதபுரம், யாழ்ப்பாணம் என்று வடக்கே போகிறவர் எவரும் தண்டவாளம் முடிந்த இந்த ஊரில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து மேலே போக மெயில் கோச் இருந்தது. இந்த இதழில் அந்தக் கோச்சையும், அது நின்று இளைப்பாறிய வாடிவீடுகளையும், அதே வீதியில் வாடிவீட்டுப் படி ஏறாமலே நடந்து போனவர்களையும் பார்ப்போம்.

இலங்கையில் கோச்சின் வரலாறு றெயிலுக்கு இடம்விட்டு நகர்ந்த வரலாறு. 1832 பெப்ரவரி 1இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் மெயில் கோச் இதுதான் என்று அக்காலத்து வெள்ளைக்காரர் பெருமை பேசினார்கள். 1867இல் கண்டிக்கு றெயில் வந்ததும் அந்த வழியில் கோச்சுக்கு வேலை போயிற்று. 1880இல் மாத்தளைக்கு றெயில் வந்ததும் கண்டி–மாத்தளைத் துண்டும் கைவிட்டுப் போனது. எஞ்சியது வடக்கு. 1905இல் யாழ்ப்பாணம் வரை றெயில் முழுதாக ஓடத் தொடங்கியபோது அதுவும் முடிந்தது. எழுபத்து மூன்று ஆண்டுகள் குதிரைக் குளம்பும் காளைக் குளம்பும் ஒன்றையொன்று தொடர்ந்து மிதித்த பாதை இது.

ஆறு மறித்த இடம்

பழைய பயணத்தில் ஒருவன் எங்கே தங்குவது என்பதைப் பெரும்பாலும் ஆறுதான் தீர்மானித்தது. பாலம் இல்லாத காலத்தில் மழை பெய்து வெள்ளம் ஏறினால், வடியும் வரை கரையில் காத்திருக்க வேண்டும். தோணி மறுகரைக்குப் போயிருந்தால் திரும்பி வரும் வரையில் காத்திருக்க வேண்டும். குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் காட்டவும் அதுவே இடம். ஆகவே துறையடியில் முதலில் ஒரு மரநிழல், பிறகு ஒரு கொட்டகை, பிறகு ஒரு கடை என்று தங்குமிடம் தானாகவே முளைத்துவிடும்.

கொழும்பு–கண்டி வழியில் மகாவலியைக் கடக்கும் பேராதனை இதற்கு நல்ல சாட்சி. 1833இல் அங்கே முதிரை மரத்தால் ஒரே வளைவாக ஒரு பாலம் போட்டார்கள். கரைக்குக் கரை 205 அடி. ஆணியே அடிக்காமல் பொருத்திய அந்தப் பாலம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1905இல்தான் இரும்புப் பாலம் அதன் இடத்துக்கு வந்தது. வழியில் கடுகண்ணாவைக் கணவாயை வெட்டிய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கணவாயின் உச்சியில் அவர் பெயரால் நிற்கும் கோபுரம் 1832இல் எழுந்தது. அவர் குடியிருந்த வீடுதான் பின்னாளில் பேராதனை வாடிவீடாக மாறியது என்று சொல்வதுண்டு. அதற்கு முன்னரே, 1828 அளவில், பாதிவழியில் அம்பேபுஸ்ஸவில் ஒரு வாடிவீடு எழுந்துவிட்டது. இன்றும் இயங்கும் வாடிவீடுகளுள் மிகப் பழையது அதுவே என்பார்கள்.

கொழும்பிலிருந்து கண்டி 72 மைல். விடியுமுன் கொழும்பை விட்டால் பொழுது சாய்வதற்குள் கண்டி. கோச்சுக்கு முந்திய காலத்தில் நாள்கணக்கில் இழுத்த பயணம் ஒரே பகலுக்குள் அடங்கியது பெரிய சாதனைதான். சில மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றினால்தான் அது நடக்கும். குதிரை மாற்ற லாயம் வேண்டும், லாயத்துக்குப் புல்லும் கொள்ளும் வேண்டும், குதிரைக்காரன் தூங்க ஒரு திண்ணையாவது வேண்டும். பயணிக்குச் சாப்பாடும் வேண்டும். வாடிவீட்டின் வளவு இந்தத் தேவைகளைச் சுற்றியே அமைந்தது.

வாடிவீட்டுக்குள்ளே

ஒரு வாடிவீட்டைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். முன்னால் அகன்ற விறாந்தை, அதில் கை நீண்ட சாய்மனைக் கதிரைகள். நடுவில் சாப்பாட்டுக் கூடம், இரு பக்கமும் படுக்கையறைகள். பின்பக்கம் குசினி, கிணறு, அதற்கப்பால் லாயமும் வண்டிக் கொட்டகையும். சுவரில் கட்டண விபரம் எழுதித் தொங்கும். அறைக்கு எவ்வளவு, கட்டிலுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, குதிரையை லாயத்தில் விட எவ்வளவு என்று எல்லாமே அரசாங்கம் வைத்த விலை. மேசைமேல் வருகைப் புத்தகம் இருக்கும். வந்தவர் பெயர், போகும் ஊர், கொடுத்த தொகை, குறை ஏதும் உண்டா என்று அதில் எழுத வேண்டும். வாடிவீட்டுக்காரர் அஞ்சியது இந்தப் புத்தகத்துக்குத்தான். மேலதிகாரி வந்தால் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பெரிய வீதிகளில் ஒரு நாள் பயணத்துக்குள் ஒன்றாவது அகப்படும்படி வாடிவீடுகளை வைத்தார்கள். பிற்காலத்தில் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்கள் இவற்றைப் பராமரித்தன. அரசாங்க உத்தியோகத்தருக்கு முதலிடம், மற்றவர்களுக்கு அதன் பிறகு. ஒருவர் மூன்று நாளுக்கு மேல் தங்கினால், புதிதாக வருகிறவருக்கு அறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கு விலக்குப் பெற்ற ஒருவரை உலகம் அறியும். ஜெர்மனிய உயிரியல் அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் 1881இன் முடிவில் தெற்கே வெலிகமவுக்கு வந்தார். கடல்வாழ் உயிர்களைத் திரட்டி ஆராய அங்கிருந்த வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கி வாரக்கணக்கில் தங்கினார். வாடிவீட்டுக்காரரான சிங்கள முதியவரின் முகம் கிரேக்க ஞானி சோக்கிரதீசின் சிலையைப் போலிருப்பதாகக் கண்டு அந்தப் பெயராலேயே அவரை அழைத்தார். பயணிகளின் நூல்களில் வாடிவீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். வந்தவர் வைத்த பட்டப்பெயர் நிற்கும், சொந்தப் பெயர் இராது.

சாப்பாட்டைப் பற்றி எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு. வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் வளவில் கோழியைத் துரத்தத் தொடங்குவார்கள். முன்கூட்டியே சமைத்து வைத்தால் யாரும் வராத நாளில் வீணாகும் என்பது வாடிவீட்டுக்காரர் கணக்கு. அரை மணி நேரத்துக்குள் அந்தக் கோழி கறியாகிச் சோற்றோடு மேசைக்கு வரும். இந்தியாவின் டாக் பங்களாக்களிலும் இதே வழக்கம், இதே முறைப்பாடு. இறைச்சி வேகவில்லை என்று எழுதியவர் எத்தனையோ பேர். கோழி வளர்த்தவர் யார், அதற்கு என்ன விலை கிடைத்தது என்று எழுதியவர் அரிது.

மாத்தளைக்கு வடக்கே

மாத்தளையிலிருந்து வடக்கே போகும் கோச்சுக்கு முதல் பெரிய தங்கல் நாலந்தை. மாத்தளையிலிருந்து சுமார் 15 மைல். கண்டிச் சீமையின் ஈரமும் வன்னிப்பக்கத்து வறட்சியும் சந்திக்கும் பள்ளத்தாக்கு அது. நாலந்தா ஓயா அதன் வழியாக ஓடி அம்பன் கங்கையின் நீரோடு சேர்கிறது. அங்கே வாடிவீடு இருந்தது. பழைய நகரங்களைக் காணக் கிளம்பிய வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அதைவிட அங்கே வேறொரு கவர்ச்சியும் இருந்தது. பல்லவர் கட்டடக்கலையின் சாயல் தெளிவாகத் தெரியும் கெடிகே என்ற கற்கோயில் பக்கத்திலேயே சிதைந்து கிடந்தது. நாலந்தைக்கு அடுத்த தங்கல் தம்புள்ளை. அங்கேயும் வாடிவீடு, அதற்கு மேலே குகைக்கோயில்.

1885இல் பரோசும் 1897இல் ஹென்றி கேவும் பழைய நகரங்களைப் பற்றி நூல் எழுதினார்கள். அனுராதபுரத்தைக் காட்டவந்த அந்த எழுத்துகள் பயணியை மாத்தளை வழியாகத்தான் கூட்டிப்போயின. சிகிரியாவையும் பொலன்னறுவையையும் வெளியுலகம் காணக் கிளம்பிய வாசல் மாத்தளை. 1831இல் சிகிரியாக் குன்றை வெள்ளைக்காரருக்கு அறிமுகம் செய்த மேஜர் ஃபோர்ப்சும் மாத்தளையில் அரசாங்க அலுவல் பார்த்தவர்தான். வாடிவீடு இல்லாமல் போயிருந்தால் இலங்கையின் தொல்லியலுக்கு முதல் வாசகர் கூட்டம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இதை வாடிவீட்டின் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வடக்கே போகப் போகக் கோச்சின் பவிசு குறைந்தது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராகப் போன லெனார்ட் வூல்ஃப் இதற்குச் சாட்சி. பின்னாளில் பெரிய எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் விளங்கியவர். இலங்கைக்கு வந்தபோது ஒரு நாயையும் வோல்ட்டேரின் 90 தொகுதிகளையும் அவர் கொண்டுவந்திருந்தார். அப்போது அனுராதபுரம் வரைக்கும் றெயில் வந்துவிட்டது. வடக்கு முனையில் ஆனையிறவுப் பக்கமும் றெயில் ஓடியது. நடுவில் மட்டும் தண்டவாளம் இல்லை. அந்த இடைவெளியை மெயில் கோச் நிரப்பியது. ஏறப்போன வூல்ஃப் பார்த்தது ஒரு மாட்டுவண்டியை. காட்டுக்கு நடுவே அம்பு விட்டாற்போல் நேராகப் போகும் வீதியில் அதிலேறித்தான் அவர் அந்தத் தூரத்தைக் கடந்தார். அதே ஆண்டிலேயே அந்த இடைவெளியும் அடைபட்டது.

கோச் எட்டாத பல்லேகம

இங்கே சற்று நின்று கிழக்கே திரும்ப வேண்டும். மாத்தளை–தம்புள்ளை வீதிக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல் எழும்பி நிற்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால்தான் லக்கல. அதன் நடுவே களுகங்கைக் கரையில் பல்லேகம. களுத்துறையில் கடலோடு சேரும் களுகங்கை வேறு. இது நக்கிள்சில் பிறந்து அம்பன் கங்கையில் விழுகிற ஆறு. கோச் வழித்தடம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. இன்று இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் உச்சியைத் தாண்டி இலுக்கும்புர வழியாகப் போகும் வளைவுப் பாதையில் ஒருமுறை போனவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊர்களைக் கரையோரத்தோடு இணைத்தது தவளம். முதுகில் இருபுறமும் பொதி தொங்கும் மாடுகள் வரிசையாக, முன்மாட்டின் கழுத்து மணிச் சத்தத்தைப் பின்பற்றி ஒற்றையடிப் பாதையில் நடக்கும். உப்பும் கருவாடும் புடவையும் மேலே ஏறும். பாக்கும் மிளகும் நெல்லும் கீழே இறங்கும். தவளக்காரர்களில் முஸ்லிம் வணிகர் கணிசமானோர். வண்டிப் பாதை வந்த இடமெல்லாம் தவளம் மறைந்தது. வராத இடத்தில் நீடித்தது.

தவளத்துக்கும் நடைப் பயணிக்கும் இருந்த தங்குமிடம் அம்பலம். வாடிவீட்டோடு ஒப்பிட்டால் அதன் எளிமை வியப்பைத் தரும். குருநாகல் மாவட்டத்துக் கரகஹகெதர அம்பலத்தைப் பாருங்கள். நான்கு மூலையிலும் நான்கு பெரிய பாறைகள். அவற்றின்மேல் நான்கு கனத்த மரத்துலாங்கள் குறுக்கே கிடக்கின்றன. துலாங்களின்மேல் மரத்தூண்கள், அவற்றின்மேல் கூரை. துலாமே இருக்கை, அதுவே படுக்கை. சுவர் கிடையாது, காற்று நாலு பக்கமும் புகுந்து வரும், பாம்பும் பூச்சியும் எளிதில் ஏறாது. அதே மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தில் தூண்களில் சிற்பவேலை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஊரார் கூடிக் கட்டி ஊரார் கூடிக் காத்தவை இவை. கட்டணப் பலகை இல்லை, வருகைப் புத்தகம் இல்லை. வழிப்போக்கனும் பிக்குவும் வியாபாரியும் ஒரே துலாத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்க்கூட்டமும் வழக்கு விசாரணையும்கூட அங்கேயே நடந்தன. சாதி வேற்றுமை அந்தத் துலாத்திலும் இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே வரக் காசு வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

வீதியை யார் போட்டது?

வாடிவீட்டு வருகைப் புத்தகத்தில் இல்லாத பெயர்கள் வீதியைப் போட்டவர்களின் பெயர்கள். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கண்டி வீதியைத் திறந்தது ராஜகாரிய முறையின் பலத்தில். மன்னர் காலத்தில் நிலத்துக்கு ஈடாகச் செய்த ஊழியத்தை வெள்ளை அரசு வீதிவேலைக்குத் திருப்பிக்கொண்டது. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் ராஜகாரியம் ஒழிந்தது. அதே ஆண்டில்தான் முதல் கோச் ஓடியது என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டாய வேலை போட்ட பாதையில், கட்டாய வேலை ஒழிந்த ஆண்டில், கட்டணம் கட்டியவர்கள் ஏறிப் போனார்கள்.

ஒழிந்தது பதினாறு ஆண்டில் வேறு உருவில் திரும்பியது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. முதலில் பிக்குமாருக்குக்கூட விலக்கில்லை. நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி வந்த அதே கட்டத்தில் இதுவும் வந்தது. மாத்தளை கொதித்தது. ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக அறிவித்தார்கள். இரண்டு நாளில் கலகப்படை மாத்தளைக்குள் வந்துவிட்டது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் வந்த தடம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வடக்கு வீதிதான். ஓகஸ்ட் 8இல் கலகத் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். பண்டாவைப் பிடித்து நாடுகடத்தினார்கள். கலகத்தை அடக்கிய முறையைப் பற்றி இலண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஆளுநர் டொரிங்டன் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. ஆறு நாள் வேலை மட்டும் நெடுங்காலம் நீடித்தது.

நடந்து வந்தவர்கள்

வடக்கு வீதியில் கோச்சில் போனவர்களை எண்ணிவிடலாம். நடந்து வந்தவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த மக்கள் இராமேசுவரம் பக்கமிருந்து தோணியேறித் தலைமன்னார், அரிப்புப் பக்கம் இறங்கினார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று சுமார் 150 மைல் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். இவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கைதி கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி அனுராதபுரக் காட்டைத் தாண்டி 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அவன் உயிர் பிழைக்கத் தப்பியோடிய காட்டுக்குள் இவர்கள் உயிர் பிழைக்க வந்து சேர்ந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இவர்கள் நடந்து வந்த பாதை எப்படிப்பட்டது? மதுரையில் இராணி மங்கம்மாள் காலத்துச் சாலையும் சத்திரங்களும் பெயர் பெற்றவை. இராமநாதபுரம் சேதுபதிகள் சேது யாத்திரைக்காரருக்காக வழிநெடுகச் சத்திரம் வைத்தார்கள். தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள் இன்னும் பெரியவை. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1801இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களைத் தம் நாட்டின் பெருமை என்கிறார். வருகிறவருக்கெல்லாம் சோறு, நோய்ப்பட்டவருக்கு மருந்தும் பத்தியமும், பிள்ளைப்பேறு வரை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று விபரம் அடுக்குகிறார். எல்லாச் சத்திரமும் எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரி வாசல் திறந்தது என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். திண்ணையோடு நின்றவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது அரசனின் கடமை என்ற எண்ணம் அந்த மண்ணில் இருந்தது.

தோணியை விட்டு இறங்கியதும் அந்த எண்ணம் முடிந்தது. வடக்கு வீதியின் வாடிவீடுகள் இவர்களுக்கானவை அல்ல. மரத்தடியே தங்குமிடம், குளத்து நீரே குடிநீர். வாந்திபேதிக்கு அஞ்சிய வழியூர்கள் இவர்களை அண்டவிடவில்லை. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் போக நேர்ந்தது. நின்றால் அரிசி தீர்ந்துவிடும். 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் எழுபதாயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் கணித்தது. எண்ணிக்கை சரிதானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வழியெல்லாம் எலும்பு கிடந்ததைப் பற்றி வாதமில்லை.

அரசாங்கம் மெல்ல மெல்லத்தான் அசைந்தது. 1850களிலும் 60களிலும் வடக்கு வீதியில் கூலிக் கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் தலைகாட்டின. மனிதாபிமானம் அதில் இல்லாமலில்லை. ஆள் வராவிட்டால் கோப்பி பறிக்க முடியாது என்ற தோட்டத்துரைமாரின் கவலை அதைவிடப் பெரியது. கொட்டகை என்பது ஓலைக் கூரையும் மண்தரையும்தான். வாடிவீட்டில் குதிரை நின்ற லாயம் அதைவிடக் கெட்டியான கட்டடம்.

கோச் போன பிறகு

வடக்கு றெயில் மாத்தளை வழியாகப் போகவில்லை. பொல்காவலையில் பிரிந்து குருநாகல் வழியாக அனுராதபுரம் சென்றது. 1880இல் வாசலாயிருந்த மாத்தளை, 1905இல் கிளைப்பாதையின் முடிவிடமாகிவிட்டது. நாலந்தை போன்ற கோச்சுத் தங்கல்களின் லாயங்கள் காலியாயின. ஆனால் வாடிவீடுகள் சாகவில்லை. மோட்டார் வண்டி வந்து அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. லாயம் கராஜாயிற்று, கொள்ளுக்குப் பதில் பெற்றோல். 1954இல் இங்கிலாந்து இராணி இரண்டாம் எலிசபெத் பொலன்னறுவை வாடிவீட்டில் தங்கினார். 1960களின் பிற்பகுதியில் உருவான இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனத்திடம் அம்பேபுஸ்ஸ, பேராதனை, தம்புள்ளை, கித்துல்கல, பெலிஹுல்ஓயா என்று நல்ல நல்ல வாடிவீடுகள் போய்ச் சேர்ந்தன. ஆற்றுச் சத்தம் கேட்கச் சோறும் கறியும் சாப்பிடுவதற்கென்றே இன்று கொழும்பிலிருந்து காரெடுத்துப் போகிறார்கள்.

நாலந்தைக் கெடிகேயும் தப்பியது. நீர்த்தேக்கம் வந்து மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும், 1970களில் கல் கல்லாகக் கழற்றி உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கிக் கட்டினார்கள்.

பல்லேகமவுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. கோச்சும் றெயிலும் தேடி வராத ஊரை அணை தேடி வந்தது. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தில் களுகங்கைக்குக் குறுக்கே 68 மீற்றர் உயரத்தில் அணை எழுந்தது. 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய பல்லேகம நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீருக்கடியில் போயின. அலுவலகங்களும் கடைகளும் புதிய லக்கல நகரத்துக்குப் பெயர்ந்தன. 2019 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. வடமத்தியின் வயல்களுக்கு அந்தத் தண்ணீர் தேவைதான். கற்கோயிலைக் கழற்றிக் கட்டலாம். ஆற்றுத்துறையையும் தவளப் பாதையையும் கழற்றிக் கட்ட முடியாது, எழுதித்தான் வைக்கலாம்.

நடந்தவர்களின் பாதையை 2023இல் மீண்டும் நடந்தே நினைவுகூர்ந்தார்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டி ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. காணி உரிமை, வீடு, சமமான குடியுரிமை என்று கோரிக்கைகளையும் கூடவே எடுத்து வந்தார்கள். வழியூர்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களை வரவேற்றார்கள். 1840களில் மூடியிருந்த கதவுகள் இம்முறை திறந்தன.

வாடிவீடுகளுக்குப் படமும் பட்டியலும் உண்டு, பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அம்பலங்களில் சிலவற்றையாவது தொல்லியல் திணைக்களம் காக்கிறது. வடக்கு வீதியின் கூலிக் கொட்டகைகள் எங்கெங்கே நின்றன, எந்தக் கிணறு எந்த ஆண்டில் வெட்டியது என்று காட்டும் ஒரு பெயர்ப்பலகைகூட வீதியோரத்தில் இல்லை. கச்சேரி ஆவணங்களிலும் வீதிக் குழுக்களின் கணக்குகளிலும் தேடினால் அந்த வரைபடத்தைத் தயாரிக்கலாம். மாத்தளையின் பள்ளிக்கூடங்களும் வரலாற்று ஆர்வலர்களும் மனம் வைத்தால் ஆகக்கூடிய காரியம்தான். 150 மைலுக்குப் பத்துப் பலகை நட்டாலும் போதும், தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

நடந்து களைத்தவர்கள் மாத்தளையில் முதலில் தேடியது வாடிவீட்டை அல்ல, அம்மனை. மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட சிலை 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு கோயிலாக எழுந்த கதையை அடுத்த இதழில் பார்ப்போம்: முத்துமாரியும் செட்டித்தெருவும்.

(தொடரும்)